வேலையை எழுது, பிறகு விலை பேசு

தொழில் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "பெரியப்பா, ஒரு வெப்சைட் போட எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கோவையில் பல வருஷம் ஆஃப்செட் அச்சகம் நடத்தியவன் நான். விசிட்டிங் கார்டும் தினக்காலண்டரும் அடித்துக்கொண்டு போன வாடிக்கையாளர்களே பிற்பாடு வெப்சைட்டும் கேட்க ஆரம்பித்தார்கள். தனியாளாக, ஃப்ரீலான்ஸாக வேலை செய்யும் வெப் டிசைனர்களைப் பிடித்து அதையும் செய்து கொடுத்தோம். பணம் கொடுக்கிறவர் பேச்சும் வேலை செய்கிறவர் பேச்சும் என் மேஜையில்தான் நடக்கும். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

நான் தொகை சொல்வதில்லை. என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா என்கிறேன். பல பேருக்கு இது பிடிப்பதில்லை. "பெரியப்பா, சும்மா ஒரு சிம்பிளான சைட்தான்" என்பார்கள். அந்தச் 'சிம்பிள்' என்ற ஒரு சொல்லில்தான் எல்லாத் தகராறும் ஆரம்பிக்கிறது. ரேட்டை அடித்துப் பேசுவதால் வேலைக்காரருக்கு வரும் நஷ்டம் கொஞ்சம்தான். வேலை இன்னது என்று முடிவு பண்ணாமல் தொகையை மட்டும் முடிவு பண்ணுவதால் வரும் நஷ்டம் அதிகம். பத்து நாள் வேலை என்று ஒத்துக்கொண்டவர் இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருப்பார். கொடுத்தவரோ, "காசை வாங்கிக்கிட்டு இழுத்தடிக்கிறான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை, அவ்வளவுதான்.

நீ செக்கு எண்ணெய் விற்கிறாய் என்று வைத்துக்கொள்வோம், கண்ணு. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், அதோடு நாட்டுச் சர்க்கரை, பிண்ணாக்கு என்று பதினைந்து பொருள். ஒவ்வொன்றுக்கும் நாலு படம் போட்டால் 60 படம். இந்தப் படத்தை யார் எடுப்பது? நீ போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவாய். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, தரம் குறைந்துதான் போய்ச் சேரும். பாட்டிலுக்குப் பின்னால் உங்கள் வீட்டு ஜன்னல் தெரியும். அதை வெட்டி, பின்னணியை நீக்கி, வெளிச்சத்தைச் சரி பண்ணி, ஒரே அளவுக்குக் கொண்டுவர ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். 60 படத்துக்கு 15 மணி நேரம், அதாவது முழுசாக இரண்டு நாள் வேலை. கொட்டேஷன் பேசும்போது இந்த இரண்டு நாளைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டீர்கள்.

அடுத்தது எழுத்து. "எங்க பழைய நோட்டீஸ்ல எல்லாம் இருக்கு, அதையே போட்டுடுங்க" என்று ஒரு பைலைக் கொடுப்பாய். அது டிடிபி காலத்தில் வானவில்லிலோ ஸ்ரீலிபியிலோ பாமினியிலோ அடித்ததாக இருக்கும். யுனிகோடு இல்லாத அந்த எழுத்தை அப்படியே எடுத்து வெப்சைட்டில் ஒட்டினால் தமிழ் வராது. ஆங்கில எழுத்தும் புள்ளியும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து நிற்கும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் உட்கார வேண்டும். அச்சகத்தில் அதற்கென்று புரூஃப் ரீடர் இருந்தார், அவருக்குச் சம்பளம் இருந்தது. வெப் டிசைனர் தலையில் அது சொல்லாமல் கொள்ளாமல் விழுகிறது.

பணம் வாங்க பேமென்ட் கேட்வே வேண்டும் என்பாய். அவர்கள் சும்மா இணைத்துவிட மாட்டார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது எப்படி, எத்தனை நாளில் அனுப்புவாய், வாடிக்கையாளர் விவரத்தை என்ன செய்வாய், உன்னைத் தொடர்பு கொள்வது எப்படி என்று தனித்தனிப் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதெல்லாம் உன் வியாபாரத்தின் கொள்கை. நீதான் முடிவு பண்ண வேண்டும். நீ எழுதித் தராவிட்டால் அவர் வேறு யாரோ ஒருவர் சைட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவார். நாளைக்கு எண்ணெய் டின் வழியில் ஒழுகி வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்போது, நீ படித்தே பார்க்காத ஒரு நிபந்தனை உன் பெயரில் நிற்கும்.

ஆகவே அந்தத் தாளில் இதையெல்லாம் எழுது. எத்தனை பக்கம், எத்தனை பொருள், தமிழா ஆங்கிலமா இரண்டுமா, படம் யார் தருவது, எழுத்து யார் தருவது, ஆர்டர் எப்படி வரும், எந்தத் தேதிக்குள் வேண்டும், உன் பக்கத்தில் முடிவு சொல்லும் ஆள் யார். உன் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், ஜிஎஸ்டி எண்ணெல்லாம்கூட அதிலேயே இருக்கட்டும். இதை எழுத உனக்கு ஒரு வாரம் ஆகலாம். ஆகட்டும். எழுதும்போதே, உனக்கே தெரியாத எத்தனை விஷயம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இப்போது கூலிக்கு வருவோம். "ஃபிரெண்டோட தம்பி எட்டாயிரத்துக்குப் பண்ணித் தர்றேன்னு சொல்றான், இவர் நாப்பதாயிரம் கேக்குறார், ஏமாத்துறாரா?" என்று ஒரு பிள்ளை கேட்டான். அவனை உட்கார வைத்து நான் போட்டுக் காட்டிய கணக்கை உனக்கும் போடுகிறேன்.

நாலைந்து வருஷ அனுபவம் உள்ள ஒரு டிசைனர் வீட்டுச் செலவுக்கு மாதம் 40,000 வேண்டும் என்று வை. கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்கு அதோடு கதை முடியாது. முதலாளி பிஎஃப் கட்டுகிறார், சம்பளத்தோடு லீவு தருகிறார், லேப்டாப், கரண்ட், இன்டர்நெட் எல்லாம் கம்பெனியுடையது, ஐந்து வருஷம் இருந்தால் கிராஜுவிட்டி. தனியாள் இதையெல்லாம் தன் கைக்காசில் செய்துகொள்ள வேண்டும். 72,000 ரூபாய் லேப்டாப் மூன்று வருஷம் ஓடினால் மாதம் 2,000. இன்டர்நெட், கரண்ட், யுபிஎஸ் பேட்டரிக்கு 2,000. மென்பொருள் சந்தா, எழுத்துரு, படங்களுக்கு 3,000. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 1,500. பிஎஃப் இல்லாததால் தானே ஒதுக்கும் சேமிப்பு 4,000. வரி, ஆடிட்டர் என்று 2,500. கூட்டினால் 55,000 வருகிறது.

நேரத்தைப் பார். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 200 மணி நேரம். அதில் வேலை தேடி அலைவது, கொட்டேஷன் போடுவது, உன்னைப்போல் ஆட்களிடம் போனில் பேசுவது, பில் போடுவது, வராத பணத்துக்கு நடப்பது, புதுசாக வந்ததைக் கற்றுக்கொள்வது என்று பாதி போய்விடும். இந்தப் பாதிக்கு யாரும் காசு தருவதில்லை. மிஞ்சுவது 100 மணி. 55,000-ஐ 100-ஆல் வகுத்தால் மணிக்கு 550.

உன் சைட்டுக்கு எத்தனை மணி? பேசித் திட்டமிட 6, டிசைன் போட 14, அதைக் கட்டி எழுப்ப 20, படங்களுக்கு 15, தமிழ் எழுத்தைச் சரிபார்த்து ஏற்ற 5, பேமென்ட் கேட்வே இணைத்து நாலைந்து வகை போனில் சோதிக்க 8, உனக்குச் சொல்லிக் கொடுக்க 2. மொத்தம் 70. பெருக்கினால் 38,500. நாற்பதாயிரம் கேட்டவர் ஏமாற்றவில்லை என்பது இப்போது தெரிகிறதா? எட்டாயிரத்துக்கு ஒத்துக்கொண்ட பையனுக்கு இதே வேலையில் மணிக்கு 114 ரூபாய்தான் தேறும். அதில் லேப்டாப்பும் கரண்டும் அடக்கம். அவன் ஒன்று பாதியில் விட்டுப் போவான், அல்லது எங்கோ வாங்கிய டெம்ப்ளேட்டில் உன் பெயரை மாற்றிக் கொடுப்பான். இரண்டும் அவன் குற்றமென்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசுக்கு அவ்வளவுதான் செய்ய முடியும்.

"என்னிடம் அவ்வளவு பணம் இல்லையே" என்பாய். இல்லாமல் இருப்பதில் வெட்கமே இல்லை. அப்போது வேலையைக் குறை; அவர் ரேட்டைக் குறைக்காதே. இதை மட்டுமாவது மனதில் வை. பதினைந்து பொருள் எதற்கு? மூன்று எண்ணெயோடு ஆரம்பி. படம் பன்னிரண்டு, அதற்கு 3 மணி நேரம். பேமென்ட் கேட்வே இப்போது வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரட்டும், யுபிஐயில் பணம் வரட்டும். ஐந்து பக்கத்துக்குப் பதில் ஒரே நீளப் பக்கம். எழுத்தை நீயே யுனிகோடில் அடித்துப் பிழை பார்த்துக் கொடு. 25 மணி நேரத்தில் முடிந்தால் 13,750 ரூபாய். ஆறு மாதம் கழித்து வியாபாரம் நடந்தால் மீதியைச் செய்யலாம். "இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் என்ன செய்யலாம் சொல்லுங்கள்" என்று நேராகக் கேட்டால் நல்ல டிசைனர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நீ யோசிக்காத வழியையும் சொல்வார்.

கோபம் வருவது வேறு பேச்சுகளுக்கு. "நம்ம பையன்தானே, பார்த்துப் பண்ணு" என்பது ஒன்று. நம்ம பையன் என்றால் நாலு காசு கூடக் கொடுக்க வேண்டும். வெளியாளுக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுப்பது என்ன உறவு? "இதை முடிச்சுக் குடு, அடுத்து நிறைய வேலை இருக்கு" என்பது இன்னொன்று. அடுத்த வேலைக்கு அடுத்த கூலி. வராத வேலையைக் காட்டி வந்த வேலைக்குக் குறைக்கக் கூடாது. "எங்க சைட்ல உன் பேரு போடுறோம், உனக்கு விளம்பரம்" என்று சொல்வதும் உண்டு. விளம்பரத்தைக் கொண்டுபோய் அவர் வீட்டு வாடகை கட்ட முடியாது. "ஏஐல அஞ்சு நிமிஷத்துல பண்ணிடலாமே" என்பது இப்போது புதிது. பண்ண முடிந்தால், அது உனக்குப் போதுமென்றால், நீயே பண்ணிக்கொள், நல்லதுதான். ஒரு மனிதரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அவர் ரேட்டை அடிப்பதற்கு அதைக் கோலாக எடுக்காதே.

"நாலு பேரிடம் டிசைன் போட்டுக் கேட்போம், பிடித்தவருக்குக் காசு" என்று ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. போட்டி வைக்கலாமே என்று ரூபாய்ச் சின்னத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். உண்மைதான், 2009-இல் மத்திய அரசு போட்டி வைத்தது. மூவாயிரத்துக்கும் மேல் வடிவங்கள் வந்தன. நம் தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார் வரைந்ததை 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. பரிசு இரண்டரை லட்சம். ஒரு நாட்டின் நாணயத்துக்குச் சின்னம் தருவது வாழ்நாள் பெருமை. அதற்காக ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களே விரும்பி உழைத்தார்கள். உன் எண்ணெய்க் கடைக்கு அந்தப் பெருமை இல்லை. நாலு பேர் உழைத்து மூன்று பேர் வெறுங்கையோடு போக, அதில் ஒன்றை நீ எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் முன்பு செய்த வேலைகளைப் பார். பழைய வாடிக்கையாளர் இரண்டு பேருக்குப் போன் போட்டு விசாரி. ஒருவரைத் தேர்ந்தெடு. மாதிரி பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் அந்த மாதிரிக்குத் தனியாகக் காசு கொடு.

"அஞ்சு ஆப்ஷன் காட்டுங்க" என்று கேட்பதும் எனக்கு உடன்பாடில்லை. 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ செய்ய டிசைனர் பால் ராண்டிடம் போனார். சில மாதிரிகள் கிடைக்குமா என்று கேட்டார். ராண்ட் மறுத்துவிட்டார். பிரச்சினையைத் தீர்த்துத் தருவது என் வேலை, விருப்பமிருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், எப்படியானாலும் கூலி கூலிதான் என்பது அவர் நிலை. ஒரே வடிவத்துக்கு 1,00,000 டாலர் வாங்கினார். நம் ஊர் டிசைனர் ராண்ட் இல்லைதான். ஆனாலும் ஐந்தை அரைகுறையாக யோசிப்பவரைவிட, உன் வியாபாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒன்றை ஊன்றி யோசிப்பவர் உனக்கு நல்லது செய்வார்.

பிடிக்கவில்லை என்றால் திருத்தலாம். திருத்தத்துக்கு எல்லை வேண்டும். எங்கள் அச்சகத்தில் வாடிக்கையாளர் புரூஃபைப் பார்த்து 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போடாமல் பிளேட் போட மாட்டோம். கையெழுத்துப் போட்ட பிறகு போன் நம்பரை மாற்று என்றால் புதுப் பிளேட்டுக்குக் காசு வாங்குவோம். யாரும் முகம் சுளித்ததில்லை. ஏனென்றால் பழைய பிளேட் அலுமினியத் தகடாக அவர்கள் கண்முன்னே கிடக்கும். வெப்சைட்டில் பச்சையை நீலமாக்கு, மேலே இருப்பதைக் கீழே போடு என்றால் எதுவும் வீணானதாகத் தெரிவதில்லை. வீணாவது அந்த ஆளின் சாயங்காலங்கள். இரண்டு முறை திருத்தம் கூலிக்குள் அடக்கம், மூன்றாவது முறையிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தங்களைத் துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதமாக அனுப்பு.

நம் குடும்பத் தொழில்களில் இன்னொரு சங்கடம் உண்டு. நீ ஓகே சொன்ன பிறகு அப்பா பார்ப்பார், மாமா பார்ப்பார், பெங்களூரில் ஐடியில் இருக்கும் மச்சான் பார்ப்பார். ஆளுக்கு ஒரு நிறம் சொல்வார்கள். கேட்க வேண்டியவர்களிடமெல்லாம் நீ முன்னாலேயே கேட்டுக்கொள். டிசைனரிடம் முடிவு சொல்வது ஒரே வாயாக இருக்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தோன்றுவதை நோட்டில் எழுதி வை, காலையில் சொல். அவர் உன் ஆபீஸ் ஆள் இல்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

பணம் கொடுக்கும் நாளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ரேட்டில் தாராளமாக இருந்துவிட்டு நாளில் இழுத்தடிக்கும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தங்களை நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டும் இருப்பார்கள். தனியாளுக்கு மாதம் முதல் தேதி சம்பளம் கிடையாது. உன் பணம்தான் அவர் முதல் தேதி. ஆரம்பிக்கும்போது 40 சதவீதம், டிசைன் ஓகே ஆனதும் 30, வேலை முடிந்ததும் 30 என்று பிரித்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. கடைசித் தவணையில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனி. "சைட் லைவ் ஆனதும் தர்றேன்" என்று பேசியிருப்பாய். அவர் வேலையை முடித்துவிட்டு உன் படங்களுக்காகக் காத்திருப்பார். நீ செக்கில் ஆடி மாதக் கூட்டம் என்று நாலு மாதம் படம் எடுக்காமல் இருப்பாய். சைட் லைவ் ஆகாது, பணமும் போகாது. உன் தாமதத்துக்கு அவர் பட்டினி கிடக்க வேண்டுமா? அவர் பங்கு முடிந்து 15 நாளுக்குள் நீ தர வேண்டியதைத் தராவிட்டாலும் கடைசித் தவணையைக் கொடுத்துவிடுவேன் என்று அந்தத் தாளிலேயே எழுது.

இது நல்ல மனசைப் பொறுத்த விஷயம் மட்டும் இல்லை, சட்டமும் இருக்கிறது. டிசைனர் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் நீ தள்ள முடியாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. டிசைனர் பிள்ளைகள் இதைப் படித்தால் முதல் வேலையாகப் பதிந்துகொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, காலம் தாண்டிக் கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்டவும் முடியாது. எப்போது கொடுக்கிறாயோ அந்த வருஷத்தில்தான். உன் ஆடிட்டர் இதைத்தான் மார்ச் மாதம் கத்திக் கொண்டிருப்பார். நியூயார்க் நகரத்தில் ஃப்ரீலான்சர்களுக்கென்றே தனிச் சட்டம் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் இருப்பதே உனக்குப் போதும்.

டிடிஎஸ் பற்றியும் தெரிந்துகொள். நீ கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ பதிவு செய்திருந்தால், வருஷத்தில் கொடுக்கும் தொகை வரம்பைத் தாண்டும்போது பிடித்தம் செய்ய வேண்டி வரும். தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம். பிடிப்பதாக இருந்தால் ரேட் பேசும்போதே சொல். பிடித்ததை அவர் பான் எண்ணில் நாளுக்குள் கட்டிச் சான்றிதழை அனுப்பு. பிடித்துக்கொண்டு கட்டாமல் இருப்பவர்கள் உண்டு. அந்த டிசைனர் ரிட்டன் போடும்போதுதான் தன் காசு எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று தெரியும். அவர் சட்டைப்பையில் கை விட்டதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஜிஎஸ்டியும் அப்படித்தான். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் தாண்டாதவர் பதிவு செய்யத் தேவையில்லை; பதிவு செய்தவர் என்றால் 18 சதவீதம் மேலே வரும். சொன்ன தொகை அதையும் சேர்த்தா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடு.

நியாயமான கூலி கொடுத்தவருக்குக் கறாராகக் கேட்கும் உரிமையும் உண்டு. தயங்காதே. தேதி தவறப் போகிறது என்றால் அந்தத் தேதிக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று கேள். சாதாரண ஆண்ட்ராய்டு போனில், சுமாரான சிக்னலில் திறக்கிறதா என்று உன் கண்ணெதிரே காட்டச் சொல்; உன் எண்ணெய் வாங்குகிறவர்களில் பலர் அப்படித்தான் பார்ப்பார்கள். தமிழ் எழுத்து உடையாமல் தெரிய வேண்டும். படங்களும் எழுத்துருவும் முறையாக அனுமதி பெற்றவையா என்று கேள். எங்கிருந்தோ திருடிப் போட்ட படத்துக்கு நோட்டீஸ் வந்தால் அது உன் முகவரிக்குத்தான் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், டொமைன் உன் பெயரில், உன் இமெயிலில், உன் கார்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஹோஸ்டிங்கும் அப்படியே. எனக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், தெரிந்த பையன் பேரிலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பையன் துபாய்க்குப் போனான். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவன் பார்க்காத இமெயிலில் விழுந்தன. நாள் கடந்து டொமைன் கை நழுவியது. கைப்பையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த முகவரி வேறு யாரிடமோ போய்விட்டது. பையனைத் திட்டினார். சைட் போட்ட நாளிலிருந்து பராமரிப்புக்கென்று அவனுக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. யார் பொறுப்பு என்று யாரும் பேசிக்கொண்டதும் இல்லை.

பதிப்புரிமையையும் எழுதிக்கொள். காசு கொடுத்ததால் எல்லாம் எனக்குச் சொந்தம் என்று நினைப்பாய். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பள ஊழியர் வேலை நேரத்தில் எழுதிய நிரல் முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் எழுதியது, வேறாக எழுதிக்கொள்ளாதவரை, பொதுவாக அவருக்கே சொந்தம். மாற்றித் தருவது எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்தெந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். முழுப் பணமும் கைக்கு வந்த அன்று உரிமை மாறும் என்று ஒரு வரி போட்டால் அவருக்கும் பாதுகாப்பு, உனக்கும் பாதுகாப்பு.

சில சமயம் ஒத்துவராமல் போகும். உனக்கு அவர் வேலை பிடிக்காது, அல்லது உன் தொழிலே நின்றுபோகும். அப்போது போனை எடுக்காமல் ஒளியாதே. அதுவரை ஆன வேலைக்குக் கணக்குப் பார்த்துக் கொடு, உனக்கு வர வேண்டிய பைல்களையும் லாகின்களையும் முறையாக வாங்கிக்கொள், நன்றி சொல்லிப் பிரி. இந்த ஊரும் இந்தத் தொழிலும் சின்னது. டிசைனர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். பணம் தராத ஆளின் பெயர் அவர்களுக்குள் சீக்கிரம் சுற்றிவிடும், பிறகு நல்ல ஆள் யாரும் உன் வேலையைத் தொட மாட்டார்.

ஒத்துப்போனால், சைட் முடிந்த அன்றே பராமரிப்புக்கு ஒரு வருஷத் தொகை பேசிவிடு. வேர்ட்பிரஸ்ஸில் கட்டியிருந்தால் அதற்கும் அதன் பிளகின்களுக்கும் அடிக்கடி அப்டேட் வரும். செய்யாமல் விட்டால் யாரோ உள்ளே புகுந்துவிடுவார்கள். பேக்கப் எடுப்பதும், விலை மாற்றுவதும், தீபாவளிக்கு ஒரு பேனர் போடுவதும் "சும்மா ரெண்டு நிமிஷ வேலை" இல்லை. அந்த இரண்டு நிமிஷத்துக்காக அவர் செய்துகொண்டிருக்கும் இன்னொருவர் வேலையைக் கீழே வைக்க வேண்டும். மாதத்துக்கு இத்தனை மணி நேரம், இவ்வளவு தொகை, சைட் நின்றுபோனால் இத்தனை மணிக்குள் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று வருஷத்தில் அவர் ரேட்டை ஏற்றுவார். நீயும் எண்ணெய் விலையை ஏற்றியிருப்பாய். உன்னால் முடிந்தால் கொடு. முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லி, உன் தொகைக்கு ஏற்ற வேறு ஆளை அவரிடமே கேள்; அநேகமாக அவருக்குத் தெரிந்த, புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு பிள்ளையைக் காட்டிவிடுவார். அந்தப் பிள்ளையிடமும் முதலில் அந்தத் தாளைக் கொடு. பெரிய வேலை வரும்போது பழையவரைக் கூப்பிடு.